இடது கையுறையின் பட்டை

அத்தை,

உங்கள் கையுறைகள் இன்று மாலை நனைந்து வீடு வந்திருக்கின்றன. ஒரு வருடமாக அலமாரியில் விறைத்துக் கிடந்தவை. பையின் ஜிப்பைத் திறந்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. நனைந்த தோல், வியர்வை, நீங்கள் எப்போதோ உள்ளே கொட்டிய பவுடர். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

நீங்கள் செய்வது போலவே மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து, விரல்கள் கீழே தொங்கும்படி கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான். அம்மா ஒருமுறை தெரியாமல் வெயிலில் காயப்போட்டதற்கு, "தோல் அப்பளமாயிடும் அண்ணி!" என்று நீங்கள் போட்ட கூச்சல் எனக்கு நினைவிருக்கிறது. கடற்காற்று நன்றாக வீசுகிறது. மாதா கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடிக்கிறார்கள். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஷமீமா தலையில் அடிபட்டு விழுந்தாள். என் வகுப்புத் தோழி, எங்கள் பள்ளி கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரி. உங்கள் கையுறைகளைத்தான் போட்டிருந்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

உங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியது எல்லோருக்கும் தெரியும். சாந்தோம் கடற்கரையில் மீனவப் பிள்ளைகளோடு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய பெண், பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே மாநில அணிக்குப் போனவள், இந்திய அணியின் நீலத் தொப்பி வாங்கியவள், நடுவில் கழற்றிவிடப்பட்டு மறுபடியும் வந்தவள். அப்பா அவற்றை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது வேறு. எனக்கு உங்கள் விலா எலும்பு தெரியும்.

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வரும்போதெல்லாம் உங்கள் உடம்பில் எங்காவது ஒரு நீலம் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றி வைத்துக்கொள்வீர்கள். ஒருமுறை துண்டை எடுத்தபோது, கன்றிய தோலில் பந்தின் தையல் அப்படியே பதிந்திருப்பதைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கோடுகள், வரிசையாக.

"அண்ணங்கிட்ட சொல்லிடாதடி லைப்ரரி. அவருக்கு இதெல்லாம் தாங்காது" என்றீர்கள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"பாதி சொன்னேன். முழுசா சொன்னா ரெஸ்ட் எடுன்னுவாங்க. நா ரெஸ்ட் எடுத்தா இன்னொருத்தி உள்ள வருவா. வந்தவ செஞ்சுரி அடிச்சிட்டா? அப்புறம் இன்னா பண்றது? எடம் போயிடும்."

லைப்ரரி. எனக்கு நீங்கள் வைத்த பெயர் அது. சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் நூலகத்தின் வாசலில் என்னை இறக்கிவிட்டு, "எல்லாத்தையும் படிச்சிடாத, நாளைக்கும் கொஞ்சம் வை" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்புவீர்கள். தோளில் பேட் பை ஆடும். உள்ளே போய் உட்கார்ந்தாலும் எனக்கு முதல் சில பக்கங்கள் மண்டையில் ஏறாது. இப்போது அத்தைக்கு யாராவது பந்து வீசிக்கொண்டிருப்பார்கள் என்றே ஓடும்.

நான் பயந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். புதுப் பந்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "அமுக்கிப் பாரு" என்றீர்களே, அன்று ஆரம்பித்தது. அமுங்கவே இல்லை. வழவழப்பான சிவப்புக் கல். இதையா ஒருத்தி ஓடிவந்து இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்து எறிகிறாள்? நான் அழுததைப் பார்த்து நீங்கள் சிரிக்கவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"எனக்கும் பயம்தாண்டி. பயப்படுறவதான் பந்தைக் கடைசி வரைக்கும் பாப்பா. பயமே இல்லாதவ நடுவுல கண்ண எடுத்துடுவா."

"அடிபட்டா எனக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணுவீங்களா?"

"போனெல்லாம் காலைலயே வாங்கிப் பூட்டி வச்சிடுவாங்க. சூதாட்டக்காரன் எவனும் பேசிடக் கூடாதுன்னு. மேட்ச் முடியற வரைக்கும் எங்கம்மா செத்தாக்கூட எனக்குத் தெரியாது." சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரி, இங்க பாரு. நா அடிபட்டா டிவிய மூடாத. என் எடது கைய பாரு. கிளவுஸ் பட்டைய ரெண்டு தடவ பிரிச்சுப் பிரிச்சு ஒட்டினா, அத்தை நல்லாக் கீறான்னு அர்த்தம்."

"எல்லாரும்தான் அப்படிப் பண்றாங்க."

"எல்லாரும் ரெண்டு கையும் பண்ணுவாங்க. நா எடது மட்டும். ஒனக்கும் எனக்கும்தான் தெரியும்."

அதன்பின் எத்தனையோ ஆட்டங்களில் அந்தப் பட்டையைப் பார்த்தேன். தோளில் பட்டது, முழங்கையில் பட்டது. ஸ்டம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் மைக்கில் 'கிர்ர்க், கிர்ர்க்' என்று சத்தம்கூடக் கேட்கும். அப்பா எப்போதும் நின்றுகொண்டுதான் பார்ப்பார், அவர் உட்கார்ந்தால் நீங்கள் அவுட் ஆகிவிடுவீர்களாம். அம்மா ஜெபமாலையோடு சோபாவின் ஓரத்தில். அந்தச் சத்தம் எனக்காக வந்த சத்தம் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. அந்த ஒன்றில் மட்டும் நான் பயப்படாதவளாக இருந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவில் ஆட்டம், நமக்குக் காலை. முதல் பூசைக்கே போய்விட்டு ஓடிவந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். நீங்கள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தீர்கள். அந்த உயரமான பெண் குத்திப் போட்ட பந்து எழும்பியது. நீங்கள் குனியவில்லை, விலகவும் இல்லை. ஹெல்மெட்டில் பட்ட சத்தம், யாரோ எவர்சில்வர் குடத்தைப் படியில் போட்டது போல. நீங்கள் முழங்கால் மடங்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தீர்கள்.

உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அத்தை, வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பட்டதில்லை. ஒரு குடும்பம் சுவருக்கு வண்ணம் பூசிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அப்பா, "போடுறா, போடுறா" என்று டிவியைத் தட்டுகிறார். அம்மாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. அடுத்தது ஒரு பிஸ்கட். ஒரு குழந்தை அதைப் பாலில் முக்குகிறது. அந்த பிஸ்கட்டை இன்றுவரை நான் வாயில் வைப்பதில்லை.

மறுபடியும் மைதானம் வந்தபோது நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். அணியோடு வந்த பிசியோ உங்கள் கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வலது கை நகர்ந்து இடது மணிக்கட்டுக்குப் போனது. கிர்ர்க். கிர்ர்க்.

"அத்தை நல்லா இருக்காங்க!" என்று கத்தினேன். அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். நான் எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. ஆனால் அந்த ஓவர் முடிந்ததும் நீங்கள் எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்தீர்கள். கூட ஆடியவள் உங்கள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பிசியோ மறுபடியும் ஓடிவந்தார். உங்களைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு வந்த பிறகு, நம் மாடியில் வைத்துக் கேட்டேன்.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லடி. காலைல முட்டை சாப்ட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி சீலிங்."

"பட்டையப் பிரிச்சீங்களே? ரெண்டு தடவ?"

உங்கள் முகம் மாறியது. இடது கையைத் தூக்கி, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தீர்கள். "பண்ணேனா?" என்றீர்கள். பிறகு மெதுவாக, "கை பண்ணியிருக்குடி. நா பண்ணல."

நான் நம்பியிருந்த ஒரே இடமும் அன்று போய்விட்டது. நீங்கள் உள்ளே இல்லாதபோதும் உங்கள் கை எனக்கு 'நல்லாக் கீறேன்' என்று சொல்லும். அப்படியென்றால் இனி நான் எதைப் பார்ப்பது?

அதற்கும் நீங்களே வழி சொன்னீர்கள். தலையில் அடிபட்டவர்களிடம் பிசியோ கேட்கும் கேள்விகளை எனக்குச் சொன்னீர்கள். நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம், கடைசியாகப் பந்து போட்டது யார், போன ஆட்டத்தில் ஜெயித்தோமா. "நல்லா இருக்கியான்னு மட்டும் கேக்காத. அதுக்கு எல்லாருமே ஆமான்னுவோம். எங்க இருக்கேன்னு கேளு." தலைசுற்றல் நிற்க மாதங்கள் ஆயின. அந்த நாட்களில் காலைச் சாப்பாட்டின்போது அதையே விளையாட்டாக்கினோம்.

"அத்தை, நாம எந்த கிரவுண்ட்ல இருக்கோம்?"

"சாந்தோம். டைனிங் டேபிள் எண்ட்."

"கடைசியா போட்டது யாரு?"

"உங்கம்மா. கருகின தோசை."

"அடுத்தது கெடையாது, எழுந்து போ" என்பாள் அம்மா.

மறுபடியும் ஆடினீர்கள், மறுபடியும் அணிக்குள் போனீர்கள். நான் மறுபடியும் டிவி முன்னால் பயந்துகொண்டு உட்கார்ந்தேன். பந்து உங்களை ஒன்றும் செய்யவில்லை, அத்தை. மழைக்காலம்தான் செய்தது.

அன்று காலை உங்களுக்கு உடம்பு கொதித்தது. வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா பேட் பையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சல் அடிக்குது, எங்க போற? டெங்குவா இருக்கப்போவுது. டெஸ்ட் எடுத்துட்டுப் போ."

"ரெண்டு நாள் கேம்ப்ணா. முடிஞ்சதும் டீம் சொல்லிடுவாங்க. இப்பப் படுத்தா எடம் போயிடும். மாத்திரை போட்டுட்டேன், விடு."

ஆட்டோக்காரர், "இன்னாமா, வர்றியா இல்லியா? மழ வர்ற மாதிரி கீது" என்றார். ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தீர்கள். கையுறை இல்லாத வெறும் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினீர்கள். எங்க இருக்கீங்க என்று கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆட்டோ திரும்பிவிட்டது.

மைதானத்திலிருந்து உங்களை நேராக அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என் வயதுக்காரர்களை விடமாட்டார்கள். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது. அப்பா என்னைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், அந்த வயதிலும். நீங்கள் கண்ணைத் திறந்திருந்தீர்கள். நான் சத்தமில்லாமல், உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டேன்: எங்க இருக்கீங்க?

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் உதடும் அசைந்தது.

வீட்ல.

அப்பா, "பேசுறா பாரு! பேசுறா!" என்று சந்தோஷப்பட்டார். அந்த வராந்தாவில் எனக்கு மட்டும்தான் தெரியும், அது தப்பான பதில் என்று. பிறகு உங்கள் வலது கை நகர்ந்து, இடது மணிக்கட்டில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்டரைத் தேடிப் பிரிக்கப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவைகூட முழுதாகப் பிரிக்க முடியவில்லை உங்களால்.

மேலே எழுதப் போவதில்லை அதைப் பற்றி. உங்களை அடக்கம் செய்த அன்று கோயில் நிறைந்து, தெரு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள் என்பது மட்டும் போதும்.

இனி இன்றைய கதை.

நான் பள்ளி அணிக்கு ஸ்கோர் எழுதுகிறேன், அத்தை. பி.டி. மிஸ், "நீ ஆட வேணாம், உக்காந்து எழுது போதும்" என்று பிடித்துப் போட்டுவிட்டார். ஷமீமாவின் கையுறைகள் கிழிந்துபோனதைப் பற்றி வீட்டில் சொன்னபோது, அப்பா எழுந்துபோய் உங்களுடையதை எடுத்து வந்தார். "அலமாரில வச்சா பூஞ்சதான் புடிக்கும். குடு" என்றார். திரும்பி நின்றுகொண்டு சொன்னார்.

கிண்டியில் ஒரு கல்லூரி மைதானம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷமீமா காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தாள். "இன்னிக்கு மட்டும் நீ நாலு நாலா எழுதிக்கினே இரு, கை வலிக்கும் பாரு உனக்கு" என்று என் ஜடையை இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அப்படித்தான் ஆடினாள்.

அந்தப் பந்து எழும்பியபோது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. குடம் விழுந்த அதே சத்தம். பேனா என் கையிலிருந்து போனது.

ஷமீமா உட்கார்ந்த நிலையில் விழுந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். சிறிது நேரத்தில் எழுந்து நின்றாள், சிரித்தாள். பிறகு வலது கையால் இடது கையுறையின் பட்டையைப் பிரித்து ஒட்டினாள். மறுபடியும் பிரித்து ஒட்டினாள்.

ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அத்தை. நல்லாக் கீறா. பிறகு நினைவு வந்தது. அந்தப் பட்டை உங்களால் தேய்ந்துபோனது. ஒரு தடவையில் ஒட்டாது. போட்டுக்கொள்கிற யாரும் இரண்டு தடவை ஒட்டித்தான் ஆகவேண்டும்.

"ஓகே மிஸ், ஒண்ணும் இல்ல. ஆடறேன்" என்றாள் ஷமீமா. மிஸ்ஸுக்கும் அதை நம்பத்தான் ஆசை. அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்து ஓடினேன்.

"ஏம்மா, ஸ்கோரர் உள்ள வரக் கூடாது! போம்மா!" என்று அம்பயர் கத்தினார். நான் ஷமீமாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஷமீ, நாம எந்த கிரவுண்ட்ல இருக்கோம்?"

"இன்னாடி கேள்வி இது? லூசா நீ?"

"சொல்லு."

"நம்ம ஸ்கூல் கிரவுண்ட்ல" என்றாள், எரிச்சலாக, கொஞ்சம்கூடத் தயங்காமல். அவள் தோளுக்குப் பின்னால், சுவருக்கு மேலே, மெட்ரோ ரயில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பள்ளி மைலாப்பூரில் இருக்கிறது. அங்கே மைதானத்திலிருந்து கோயில் கோபுரம்தான் தெரியும்.

மிஸ்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. ஷமீமாவின் இடது கையைப் பிடித்து, பட்டையைப் பிரித்து, கையுறையை உருவினேன். பிறகு வலது. அவள் என்னைத் தள்ளினாள்.

"குடுறீ! அவரு பாத்துக்கினு கீறாரு. எடம் போயிடும்டி! எடம் போயிடும்!"

அதே வார்த்தை, அத்தை. உங்களுக்கும் அவளுக்கும் யார் அதைச் சொல்லிக்கொடுத்தது? நான் இரண்டு கையுறைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஷமீமா பிடுங்க வந்தாள், பாதியில் நின்றாள், அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள். அதன்பிறகு யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே போன் அடித்தது. இதற்கு முந்தைய வரியோடு நிறுத்திவிட்டு ஓடினேன். ஷமீமாவின் அம்மா.

"அல்லா காப்பாத்துனான்மா. ஸ்கேன்ல ரத்தக் கசிவு எதுவும் இல்லியாம். காலைல வரைக்கும் வச்சுப் பாக்கணும்னாங்க. கொஞ்ச நாளைக்கு பேட்டத் தொடக் கூடாதாம். இரு, அவகிட்டத் தர்றேன். பேசமாட்டேங்கறா, நீ பேசு."

நல்லா இருக்கியா என்று நான் கேட்கவில்லை.

"ஷமீ, எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரில" என்றாள். "உன்னாலதாண்டி."

போனை வைத்துவிட்டாள். நான் வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பதறிப்போய், "என்னம்மா? என்ன ஆச்சு?" என்றார். "சரியாச் சொல்லிட்டாப்பா" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. அவள் என்னோடு மறுபடியும் பேசுவாளா தெரியாது. அந்த நாற்காலிக்காரர் மறுபடியும் வருவாரா, அதுவும் தெரியாது. நாளைக் காலை வரை தூக்கம் வரப்போவதில்லை.

மாடியில் கையுறைகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. விரல் நுனிகளில் மட்டும் ஈரம். இடது பட்டையை ஒட்டாமல் விட்டிருக்கிறேன். காற்று வரும்போதெல்லாம் அது தூக்கிக்கொள்கிறது, படிகிறது. ஒவ்வொரு முறையும் என் கண் அங்கேதான் போகிறது.

பயமாகத்தான் இருக்கிறது, அத்தை. கண்ணை எடுக்கவில்லை.

உங்கள்
லைப்ரரி